தேவனாம்பட்டினத்துக் கோட்டையும் நாலு சதவீத வட்டியும்

கடலூர் சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களில் பலர், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்களை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அதுவரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்து என்பது ஒப்பந்தம். "குண்டு கிராமங்கள்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஊரில் பெரியவர்கள் இதை இன்றும் சொல்வார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் லண்டனில் உட்கார்ந்து கம்பெனியை நடத்தியவர் யார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சர் ஜோசையா சைல்டு என்று ஒருவர். 1680-களில் இரண்டு முறை கம்பெனியின் கவர்னராக இருந்தார். பதவியில் இல்லாதபோதும் அவர் சொல்தான் அங்கே எடுபட்டது. இந்த மனிதரின் கை நம் கரை வரை நீள்வதற்கு முன்பே, 1668-ல், இங்கிலாந்தில் ஒரு பெரிய சண்டையைக் கிளப்பியிருந்தார். வட்டிக்குச் சட்டம் வரம்பு போட வேண்டும், அதுவும் நாலு சதவீதத்துக்கு மேல் யாரும் வாங்கக் கூடாது, அப்படிச் செய்தால் நாட்டின் வியாபாரம் தானாக வளரும் என்பது அவர் வாதம். முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கந்துவட்டிச் சட்டம், மைக்ரோ ஃபைனான்ஸ் கட்டுப்பாடு, ஏற்றுமதிக் கடன் சலுகை என்று நாம் இன்று பேசும் எல்லாவற்றுக்கும் அடியில் இதே கேள்விதான் கிடக்கிறது.

சைல்டு பேசியது வெறுங்காற்றில் இல்லை. இங்கிலாந்தில் வட்டி வரம்பு 1571 முதல் பத்து சதவீதமாக இருந்தது. 1624-ல் எட்டாக இறங்கியது. 1651-ல் ஆறாக இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கியபோதும் நாடு முன்னைவிடச் செழித்தது என்று அவர் சுட்டிக்காட்டினார். எதிரே ஹாலந்து இருந்தது. டச்சுக்காரர்கள் மூன்று சதவீதத்துக்குக் கடன் வாங்கிக் கப்பல் கட்டுகிறார்கள். ஆறு சதவீதம் கட்டுகிற ஆங்கிலேய வியாபாரி அவர்களோடு எப்படிப் போட்டி போட முடியும்? இந்த வித்தியாசத்தைப் பார்க்க நம் ஆட்கள் கப்பலேற வேண்டியிருக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தில் இடம் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். பரங்கிப்பேட்டையிலும் அவர்களுக்குக் கிடங்கு இருந்தது. 1693-ல் புதுச்சேரியையே பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடுங்கி ஆறு வருஷம் வைத்திருந்தார்கள். மலிவான முதல் எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பதற்கு இந்தக் கடற்கரையே சாட்சி.

சைல்டுக்கு உடனே பதில் வந்தது. 1669-லேயே தாமஸ் மேன்லி என்பவர், குறைந்த வட்டி செல்வத்தின் விளைவு, அதைப் போய்ச் செல்வத்துக்குக் காரணம் என்கிறாரே என்று எழுதினார். பணம் நிறைய இருக்கும் ஊரில் வட்டி இறங்கும். வட்டியை இறக்கிவிட்டால் பணம் வந்து குவிந்துவிடுமா? ஹாலந்தில் வட்டி குறைந்தது சட்டத்தால் இல்லை என்பதை எதிர்த்தரப்பு விடாமல் சொன்னது.

இன்னொரு பதில் ஜான் லாக்கிடமிருந்து வந்தது. அரசியல் தத்துவத்துக்காக நாம் படிக்கும் அதே லாக்தான். 1668-ல் தனக்காகக் குறிப்பு எழுதி வைத்தவர், நாலு சதவீத மசோதா மறுபடி பார்லிமெண்டுக்கு வந்தபோது 1691-ல் அதை விரித்து வெளியிட்டார். அவர் சொன்னதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: பணத்துக்கும் ஒரு விலை உண்டு, அது தேவையையும் கையிருப்பையும் பொறுத்தது. சட்டம் அதைக் கீழே அழுத்தினால், விவரம் தெரிந்தவன் வேறு வழியில் வாங்கிக்கொள்வான். சட்டத்துக்குப் பயந்து நடக்கிறவர்கள், அதாவது வட்டி வருமானத்தில் பிழைக்கும் விதவைகளும் தகப்பனில்லாத பிள்ளைகளும்தான் நஷ்டப்படுவார்கள். நடுவில் இருக்கும் தரகர் கொழுப்பார். சிலர் கடன் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள், வியாபாரம் சுருங்கும்.

அந்த மசோதா தோற்றது. நாலு சதவீதம் வரவே இல்லை. ஆனால் 1714-ல் வரம்பு ஐந்தாக இறங்கி, 1854 வரை அப்படியே நின்றது.

யார் சொன்னது சரி? நான் பொருளாதாரப் புத்தகங்களில் தேடியதைவிடக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் அதிகம் கற்றேன். விடிகாலை ஏலம் நடக்கும்போது கவனித்தால், சில படகுகளின் மீன் ஏலத்துக்கே வராது. நேராக ஒரு வியாபாரியின் ஐஸ் பெட்டிக்குப் போகும். எனக்குத் தெரிந்த ஒரு ஃபைபர் போட்டுக்காரரிடம் இதைக் கேட்டேன். வலையும் எஞ்ஜினும் வாங்க அந்த வியாபாரி இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறாராம். "வட்டி எவ்வளவுண்ணே?" என்றேன். "வட்டியெல்லாம் ஒண்ணும் கெடையாது தம்பி. மீன மட்டும் அவருகிட்டதான் போடணும்" என்றார். நன்றியோடுதான் சொன்னார்.

லாக் சொன்ன "வேறு வழி" இதுதான். வட்டி என்ற பெயர் போய்விடுகிறது. கிலோவுக்கு இத்தனை ரூபாய் குறைத்து எடுக்கும் விலைக்குள் அது ஒளிந்துகொள்கிறது. இது புதுப் பழக்கமும் இல்லை. கம்பெனிக் காலத்தில் இதே கரையில் துணி வியாபாரம் முழுக்க முன்பணத்தில்தான் ஓடியது. வியாபாரி கம்பெனியிடம் முன்பணம் வாங்கி நெசவாளிக்குக் கொடுப்பார். நெசவாளி தறியில் இருக்கும் துணியை வேறு யாருக்கும் விற்க முடியாது. சைல்டு லண்டனில் வட்டி வரம்பு கேட்ட அதே நாட்களில், அவருடைய கம்பெனி இந்தக் கரையில் வாங்கிய துணியில் எழுதப்படாத வட்டி நெய்யப்பட்டிருந்தது. கம்பெனியே லண்டனில் பத்திரம் போட்டுக் கடன் வாங்கித்தான் வியாபாரம் செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வட்டி இறங்கினால் முதல் லாபம் யாருக்கு என்று அவருடைய எதிரிகள் கேட்டது நியாயமான கேள்வி.

வட்டி ஒளியும் இன்னொரு இடம் தண்டல். பத்தாயிரம் கடன் என்று எழுதுவார்கள். முதல் நாளே ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். கேட்டால் "பதினஞ்சு பர்சென்ட்தான்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருப்பது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதுவும் மூன்றே கால் மாதத்துக்கு. உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம், அதாவது பத்து வட்டி. காய்கறி வண்டி வைத்திருக்கும் அக்கா இதைக் கட்டுகிறார், ஏனென்றால் காலையில் மார்க்கெட்டில் எட்டாயிரத்துக்குச் சரக்கு எடுத்தால்தான் மாலையில் அடுப்பு எரியும்.

சரி, வரம்பு போட்டால் இதெல்லாம் என்ன ஆகிறது? 1714-ல் இங்கிலாந்து ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கியபோது நடந்ததை ஆராய்ச்சியாளர்கள் லண்டனின் ஹோர் வங்கிக் கணக்கேடுகளிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வங்கி சின்னக் கடன்களைக் குறைத்தது. பெரிய தொகைகள், செல்வாக்குள்ள குடும்பங்கள் என்று கடன் மேல்நோக்கிப் போனது. வட்டியை ஏற்றி ஆபத்தை ஈடுகட்ட முடியாதபோது, ஆபத்தே இல்லாதவனாகப் பார்த்துக் கொடுப்பதுதான் வங்கிக்கு மிச்சம். கென்யா 2016-ல் மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் நாலு சதவீதம்தான் வாங்கலாம் என்று சட்டம் போட்டது. வங்கிகள் சிறு வியாபாரிகளை விட்டுவிட்டு அரசுப் பத்திரங்களை வாங்கின. 2019-ல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆக, வரம்பு போட்டால் வியாபாரம் வளரும் என்ற சைல்டின் வாதத்தில் நடுக்கட்டை பலவீனம்தான்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு, "சட்டமே வேண்டாம், சந்தை பார்த்துக்கொள்ளும்" என்று சொல்கிறவர்களோடு என்னால் போக முடியாது. அதையும் நாம் செய்து பார்த்துவிட்டோம். இங்கிலாந்து 1854-ல் வரம்பை நீக்கியது. அடுத்த வருஷமே, 1855-ல், இந்தியாவிலும் நீக்கினார்கள். புரோநோட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கோர்ட்டு அப்படியே நிறைவேற்றும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி கைநாட்டு வைத்தது "சுதந்திரமான ஒப்பந்தம்" ஆனது. அதன் முடிவை 1875-ல் புனே, அகமத்நகர் கிராமங்களில் பார்த்தோம். விவசாயிகள் வட்டிக்காரர்களின் வீடுகளுக்குப் போய்க் கடன் பத்திரங்களைப் பிடுங்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். உயிருக்குப் பெரிய சேதம் இல்லை. அவர்கள் குறி காகிதத்தின் மேல்தான் இருந்தது.

நம் மாகாணத்தில் அதற்கான பதில் வர 1938 ஆனது. ராஜாஜி அரசு கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் புதுக் கடன்களுக்கு ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, அதாவது ஆண்டுக்கு ஆறேகால் சதவீதம், என்று வரம்பு போட்டது. பழைய கடனில் முதலைப் போல இரண்டு மடங்கு கட்டி முடித்திருந்தால் கடன் தீர்ந்தது என்றும் சொன்னது. அந்த இரண்டு மடங்கு விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். மூத்த தலைமுறையில் எத்தனையோ குடும்பங்கள் முதலைத் தொடாமல் வட்டியை மட்டுமே முப்பது வருஷம் கட்டியிருக்கின்றன. "இதோடு போதும்" என்று ஒரு கோடு போட சட்டத்தைத் தவிர வேறு யாருக்கும் அங்கே துணிவு இருக்கவில்லை.

2003-ல் வந்த தமிழ்நாட்டு அதீத வட்டித் தடைச் சட்டமும் அந்த வரிசைதான். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் சொற்களையே சட்டத்துக்குள் எழுதி விளக்கம் கொடுத்தார்கள். மூன்று வருஷம் வரை சிறை, முப்பதாயிரம் வரை அபராதம். அப்படியும் 2017-ல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த மாநிலம் பார்த்தது. பலமுறை மனு கொடுத்துவிட்டு வந்த குடும்பம் அது. சட்டம் இருந்தது, அதை எடுத்து நடத்த ஆள் இல்லை. இன்னொன்று, இந்தச் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடும். கடலூரிலிருந்து புதுச்சேரி மாநிலத்துப் பாகூருக்கு எத்தனை கிலோமீட்டர்? வசூலுக்கு வரும் பைக்குக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை.

சந்தையின் பக்கம் நின்ற லாக்கே முழுக்க வரம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் வழக்கில் உள்ள வட்டியை ஒட்டி ஒரு உச்சவரம்பு இருக்கட்டும், இல்லையென்றால் விவரம் தெரியாதவர்களை விழுங்கிவிடுவார்கள் என்றுதான் எழுதினார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம், வியாபாரத்துக்கு வட்டி எவ்வளவு முக்கியம் என்பதில் சைல்டு சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. பண்ருட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. அதற்கு முன்பும் பின்பும் இங்கே உடைக்கும் கொட்டையில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. கொட்டை சீசனில்தான் கிடைக்கும். வருஷம் முழுக்க ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் முன்னாலேயே வாங்கிக் குடோனில் போட வேண்டும். ஒரு கோடி ரூபாய்ச் சரக்கை ஆறு மாதம் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். பன்னிரண்டு சதவீத வட்டியில் ஆறு லட்சம் போகும். வங்கியில் வரம்பு முடிந்து வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் பன்னிரண்டு லட்சம். நாலு சதவீதத்தில் கிடைத்தால் இரண்டே லட்சம். வியட்நாம்காரரோடு விலையில் மோதும் தொழிலில் இந்தப் பத்து லட்சம்தான் லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்கிறது. கொட்டை உடைக்கும் பெண்களின் கூலியில் கடைசியாக அது வந்து விழுகிறது.

கடல் வியாபாரத்தில் பணத்தின் விலை ஆபத்தோடு சேர்ந்தது என்பது நம்மவர்களுக்குப் பழைய பாடம். அர்த்தசாஸ்திரம் சாதாரணக் கடனுக்கு நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் பணம், வியாபாரக் கடனுக்கு ஐந்து, காட்டு வழி போகிறவர்களுக்குப் பத்து, கடலில் போகிறவர்களுக்கு இருபது என்று தனித்தனியாக வரம்பு சொல்கிறது. அதற்கு மேல் வாங்கினால் தண்டம். ஒரே எண்ணை எல்லார் தலையிலும் கட்டவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

நம் அரசு ஏற்றுமதிக்கு வேறு வழி பிடித்தது. 2015 ஏப்ரலில் தொடங்கிய வட்டிச் சமன்பாட்டுத் திட்டத்தில், வங்கி சந்தை வட்டியைத்தான் வாங்கும், தொடக்கத்தில் அதில் மூன்று சதவீதத்தை அரசு ஏற்றுக்கொள்ளும். சைல்டு கேட்ட அதே பலன், ஆனால் கடன் கொடுப்பவரின் கையைக் கட்டாமல். அதனால் வங்கி ஓடிப்போகவில்லை. செலவு கஜானாவுக்கு வந்தது. அந்தத் திட்டம் 2024 டிசம்பரோடு முடிந்தது.

வட்டி நிஜமாகவே இறங்குவதற்கு, கொடுப்பவர்கள் பலராக வேண்டும், வாங்குபவரை அவர்கள் நம்ப வழி வேண்டும். ஹாலந்தில் அதுதான் நடந்தது. 1609-லேயே ஆம்ஸ்டர்டாமில் வணிகர்கள் நம்பிப் பணம் போட ஒரு வங்கி இருந்தது. நம் பக்கத்தில் இதைத் தெளிவாகப் பார்த்தவர் ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற மதராஸ் அதிகாரி. 1890-களில் அவர் கொடுத்த அறிக்கைதான் 1904 கூட்டுறவுக் கடன் சட்டத்துக்கு வழி போட்டது. ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து பொறுப்பேற்றால் வட்டி இறங்கும் என்பது அவர் கண்டது. பிறகு அவரே மதராஸ் மீன்வளத் துறையையும் தொடங்கி வைத்தார். கடனும் மீனும் ஒரே மனிதரின் கவலையாக இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கடற்கரையில் அந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களை 1992-ல் வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது அதே யோசனையின் நீட்சி. அதன் தோளில் ஏறி வந்த மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஒரே வீட்டில் நாலு கடன் கொடுத்து, வாரா வாரம் வாசலில் நின்றபோது, ஆந்திரா 2010-ல் அவசரச் சட்டம் போட்டது. வசூல் அப்படியே நின்றது. புதுக் கடனும் நின்றது. ரிசர்வ் வங்கி அடுத்த வருஷம் 26 சதவீத வரம்பு கொண்டுவந்தது, பிறகு அந்த வரம்பின் கணக்கை மாற்றியது, 2022-ல் வரம்பையே எடுத்துவிட்டு, வீட்டு மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்ற விதியை வைத்தது. விகிதத்தை விட்டுவிட்டுச் சுமையை அளக்கிறார்கள். இது சரியான திசை என்று நினைக்கிறேன், அந்தப் பாதி உண்மையாகவே கணக்கிடப்பட்டால்.

பிரான்சில் வேறொரு முறை இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் கேட்டால் சொல்வார்கள். அங்கே மத்திய வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நடப்பில் உள்ள சராசரி வட்டியோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்து உச்சவரம்பு அறிவிக்கும். அதில் கட்டணம், காப்பீடு எல்லாம் அடக்கம். சந்தை ஏறினால் வரம்பும் ஏறும். 2022-ல் வட்டி வேகமாக ஏறியபோது வரம்பு பின்தங்கி, பலருக்கு வீட்டுக் கடன் கிடைக்காமல் போனது. 2023-ல் கொஞ்ச காலம் மாதா மாதம் மாற்ற வேண்டி வந்தது. குறை இருக்கிறது. ஆனாலும் "எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு" என்று ஒரே எண்ணைச் சொல்ல வைப்பது, முன்பிடித்தம் செய்கிறவனையும் விலையில் ஒளிக்கிறவனையும் வெளிச்சத்துக்கு இழுக்கும். நம் தண்டலுக்கு இதுதான் முதலில் வேண்டும்.

சைல்டு கேட்ட அந்த நாலு சதவீதம் இன்று கடலூர்த் துறைமுகத்தில் காகிதத்தில் இருக்கிறது. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டையை 2018-19-ல் மீனவர்களுக்கும் விரித்தார்கள். இரண்டு லட்சம் வரை ஏழு சதவீதம். ஒழுங்காகத் திருப்பினால் மூன்று கழியும்.

அதே இரண்டு லட்சம். போட்டுக்காரரிடம் மறுபடி போனேன். இரண்டு பேரும் ஏலக் கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஏல விலைக்கும் அந்த வியாபாரி கொடுக்கும் விலைக்கும் சராசரியாகக் கிலோவுக்கு இருபது ரூபாய் வித்தியாசம். வருஷத்துக்கு அவர் போடும் மீன் ஏறக்குறைய ஆறு டன். ஒரு லட்சத்து இருபதாயிரம். முதல் இரண்டு லட்சம் அப்படியே நிற்கிறது. அறுபது சதவீதம்.

"அப்ப அஞ்சு வட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். கார்டுக்கு மனு கொடுக்கலாமே என்றேன். போன வருஷமே கொடுத்தாராம்.

"நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா ஐப்பசியில எஞ்ஜின் போனப்ப, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து பணத்தக் குடுத்துட்டுப் போனது அவருதான?"